கெப்புக்குப் பின்னால் சமையல் ட்ரெய்லர்: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வாங்கவா, வேண்டாமா?

கொட்டாஞ்சேனை_கொத்து

வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

நாங்க கேட்டரிங் செய்ற குடும்பம். கலியாண வீடு, கோயில் திருவிழா, கம்பனி பார்ட்டி எல்லாத்துக்கும் லொறியில் சாமான் ஏத்தி இறக்கி அலுத்துப்போய், இப்ப ஒரு சமையல் ட்ரெய்லர் கட்டியிருக்கிறோம். ஒற்றை அச்சு, நாலு பக்கமும் அடைச்ச உயரமான பொடி. உள்ளே கொத்துத் தகடு (10 மில்லிமீற்றர் இரும்பு, 4 அடிக்கு 2 அடி), அடுப்பு, 37.5 கிலோ கேஸ் சிலிண்டர் ரெண்டு, பிரிஜ், ஜெனரேட்டர், மூக்குப் பக்கச் சுவரோட ஒட்டி 200 லீட்டர் தண்ணித் தாங்கி. இழுக்கிறது பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் (பிக்கப்). ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா, பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம், இதுதான் திட்டம்.

ட்ரெய்லரைக் கொளுவினதும் கெப்பின் பின்பக்கம் குந்துது. ஹெட்லைட் மரக்கொப்புக்கு அடிக்குது. வத்தளை வரைக்கும் ஒரு ஓட்டம் போய்ப் பார்த்தோம், ஸ்டியரிங்கில் பாரமே தெரியவில்லை. டொரன்டோவில் இருக்கிற மச்சான், "வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (பாரத்தைப் பகிர்ந்து விடுற கொளுவி) ஒன்று போடு, எல்லாம் சரியாகும், அடுத்த பெட்டியோட அனுப்பிவிடுறேன்" என்கிறார். கராஜ் பாஸ், "பின்னுக்கு ரெண்டு ஸ்பிரிங் பட்டை கூட்டினா வேலை முடிஞ்சுது" என்கிறார். யார் சொல்றது சரி? வாங்குறதென்றால் எந்த சைஸ்?

சும்மா_ஒருவன்

முதல்ல சீஸ் கொத்து என்ன விலை என்று போடுங்க. ஹிட்சை ஆறுதலாப் பார்ப்போம்.

ஸ்காபரோ_சின்னவன்

நான் இஞ்ச 26 அடி ட்ராவல் ட்ரெய்லர் இழுக்கிறனான், அதால கொஞ்சம் சொல்லலாம். உங்கட மச்சான் சொன்னதுதான் சரி. பட்டை கூட்டுறதும் இந்த ஹிட்சும் ஒண்டில்லை.

ட்ரெய்லரின்ர மூக்கு, கெப்பின்ர பின் அச்சுக்கு நல்லாப் பின்னால வந்து குந்துது. அங்க பாரம் விழுந்தா முன்பக்கம் எழும்பும். கிணத்துத் துலாவில ஆள் பின்னுக்கு நடந்தா முன் நுனி மேல போறதில்லையோ, அதுதான் சங்கதி. முன் ரயரில பாரம் குறைஞ்சா வளைவில பிடிக்காது, பிரேக் அடிச்சாலும் பிடிக்காது. வாகனத்தை நிப்பாட்டுறதில பெரும்பங்கு முன் சக்கரம்தானே.

இந்த ஹிட்சில போலுக்கு (ட்ரெய்லரைக் கொளுவுற இரும்பு உருண்டை) கீழ இருந்து ரெண்டு ஸ்பிரிங் கம்பி பின்னுக்குப் போய், ட்ரெய்லர் மூக்குச் சட்டத்தின்ர ரெண்டு பக்கமும் நிக்கும். கம்பி நுனியைச் சங்கிலியாலயோ பிரக்கெட்டிலயோ மேல தூக்கி மாட்டினா, அது வளைஞ்சு நிண்டு கெப்பையும் ட்ரெய்லரையும் மூட்டில நிமித்திப் பிடிக்கும். பின் அச்சில ஏறின பாரத்தில கொஞ்சம் முன் அச்சுக்குத் திரும்பும், கொஞ்சம் ட்ரெய்லர் அச்சுக்குப் போகும்.

கம்பி 600, 800, 1000, 1200 இறாத்தல் எண்டு வரும். மூக்குப் பாரத்துக்கு ஏத்ததை எடுக்கோணும். பெரிசு எடுத்தா நல்லம் எண்டு நினைக்காதைங்கோ, வளையாத கம்பி ஒவ்வொரு பள்ளத்திலயும் சட்டத்தைத்தான் உலுப்பும். கெப்பின்ர பின் தொட்டியில, அச்சுக்குப் பின்னால ஏத்துற சாமானையும் அந்தக் கணக்கில சேர்க்கோணும், அதை இஞ்சயே கனபேர் மறந்துபோவினம்.

ரீஸ், ஈக்வலைசர் எண்ட ரெண்டு கம்பனி ஹிட்சும் இஞ்ச எங்கயும் கிடைக்கும். ஈக்வலைசரில ட்ரெய்லர் வாலாட்டுறதைத் தடுக்கிற உராய்வும் சேர்ந்தே வரும். ரீஸில ஆட்டம் தடுக்கிற பகுதி மொடலுக்கு மொடல் வித்தியாசம், பார்த்து எடுக்கோணும்.

பழைய_பிட்டர்

தம்பிமாரே, ஹிட்சுக்கு முதல் தராசு.

கொத்துத் தம்பி, இவ்வளவு எழுதியும் ட்ரெய்லர் மொத்தம் எவ்வளவு, மூக்கில் எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ரெண்டும் தெரியாமல் கம்பி சைஸ் சொல்றவன் சாமான் விற்க வந்தவன்.

பட்டை விஷயம். பட்டை கூட்டினால் பின்பக்கம் உயரும், லைட் ரோட்டுக்கு இறங்கும், பக்கத்தில் நின்று பார்த்தால் வாகனம் நேராக நிற்கும். முன் சக்கரத்தை விட்டுப் போன பாரம் மட்டும் திரும்பி வராது. வாகனம் நேராக நிற்பதைப் பார்த்து டிரைவர் இன்னும் வேகமாகப் போவார். என் கணக்கில் அது குந்திக்கொண்டு போவதைவிட மோசம். பின் ஸ்பிரிங்குக்கு உதவியாகக் காற்றுப் பை (எயார் பேக்) போட்டாலும் இதே கதைதான்.

மூக்குப் பாரம் எடுக்கிற விதம்: சமதரையில் சக்கரத்துக்குக் கல் வைத்து, கெப்பில் கொளுவும்போது என்ன உயரமோ அதே உயரத்தில் மூக்கை நிறுத்தி, கப்ளிங் (போலைக் கவ்வுகிற தலை) வாய்க்கு நேர் கீழே முட்டுக் கொடுத்து அந்த முட்டைத் தராசில் வை. குளியலறைத் தராசுதான் இருக்கிறதென்றால் பலகை முறை. ஒரு முனை கல்லில், மறு முனை தராசில், கல்லில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மூக்கு. முதலில் வெறும் பலகைக்குத் தராசு காட்டுவதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மூன்றால் பெருக்கு. தாங்கி நிரம்பி, சிலிண்டர் ஏறி, உண்மையில் ரோட்டில் போகிற கோலத்தில் நிறுக்க வேண்டும். வெறும் பெட்டியை நிறுத்துவிட்டு வந்து இங்கே எழுதாதே.

கொட்டாஞ்சேனை_கொத்து

நன்றி ஐயா. நான்காம் குறுக்குத் தெருவில் நமக்கு அரிசி தாற கடையில், மூட்டை நிறுக்கிற பெரிய தராசைக் கேட்டு வாங்கலாம். கழற்றி நிற்கும்போது மூக்கைத் தாங்குற ஜொக்கி சக்கரத்தை அப்படியே தராசில் ஏத்தினால் போதாதா?

பழைய_பிட்டர்

போதாது. ஜொக்கி சக்கரம் கப்ளிங்குக்குப் பின்னால், அச்சுக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே வைத்தால் உள்ளதைவிடக் கூடக் காட்டும். கப்ளிங்குக்கு நேர் கீழே.

கொட்டாஞ்சேனை_கொத்து

நிறுத்தாச்சு. பழைய இரும்பு எடுக்கிற யார்ட் ஒன்றில் வே பிரிட்ஜ் இருந்தது. ட்ரெய்லர் மட்டும் கழற்றி நிறுத்தினால் 1380 கிலோ. மூக்கில் 210 கிலோ. முட்டுக்கு நாங்க வைத்தது அம்மாவின் பழைய உரல். தராசுக்காரர் உரலையும் சேர்த்தே எழுதப் பார்த்தார், கழித்துத்தான் இந்த 210.

சும்மா_ஒருவன்

உரலும் ட்ரெய்லரில போகுதா, வீட்டிலயா?

வெள்ளவத்தை_வேணி

நான் கட்டட எஞ்சினியர், வாகனக்காரி இல்லை. ஆனால் இது நெம்புகோல் கணக்குத்தான், போட்டுப் பார்க்கலாம். ஹைலக்ஸ் டபுள் கெப்பின் ரெண்டு அச்சுக்கும் இடையில் 3.085 மீற்றர். பின் அச்சில் இருந்து போல் வரைக்கும் 1.2 மீற்றர் என்று வைக்கிறேன், தம்பி டேப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கோ.

210ஐ 1.2ஆல் பெருக்கி 3.085ஆல் வகுத்தால் 82 கிலோ. இவ்வளவும் முன் அச்சில் இருந்து கிளம்பிப் போகிறது. பின் அச்சில் ஏறுவது 210 மட்டுமல்ல, 210உம் 82உம் சேர்ந்து 292. மூக்கில் 210 வைத்தால் பின் அச்சு கிட்டத்தட்ட 300 கிலோ சுமக்கிறது. இதற்கு மேல் பின் தொட்டியில் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏத்தினால், பின் அச்சுக்கும் டயருக்கும் கம்பனி போட்ட எல்லை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சின்னவன் சொன்ன கம்பியைப் போட்டு, போன 82இல் பாதியை முன்னுக்குத் திருப்புவோம், 41 கிலோ. கப்ளிங்கில் இருந்து ட்ரெய்லர் அச்சு 3.6 மீற்றர் என்றால், ட்ரெய்லர் அச்சில் 26 கிலோ கூடும், கெப்பின் பின் அச்சில் 67 குறையும். 41உம் 26உம் 67. பாரம் எங்கேயும் மறையவில்லை, இடம்தான் மாறுது.

ஸ்காபரோ_சின்னவன்

வேணி அக்கா, கலக்கீட்டியள். 210 கிலோ எண்டா 463 இறாத்தல். மொத்தத்தில 15 வீதம், 10இல இருந்து 15 வீதம் எண்டுதான் இஞ்ச கணக்கு, எல்லைக்குக் கிட்ட நிக்குது. 600 இறாத்தல் கம்பி போதும்.

இறுக்கிற அளவைக் கண்மட்டத்தில எடுக்காதைங்கோ. கொளுவ முதல் முன் சக்கர வளைவின்ர உயரத்தை அளந்து எழுதுங்கோ. கொளுவினாப் பிறகு ஒருக்கா. கம்பி மாட்டினாப் பிறகு ஒருக்கா. முந்தி "முழுக்கத் திரும்பி வரோணும்" எண்டு சொல்லுவினம், இப்ப கன பிக்கப்புக்குப் பாதி வந்தாப் போதும் எண்டு கையேட்டிலயே கிடக்கு. எவ்வளவு எண்டு உங்கட வாகனத்தின்ர கையேடுதான் சொல்லும், ஹிட்சைப் போடவே கூடாது எண்டு எழுதின கையேடும் இருக்கு. அளவுக்கு மிஞ்சி இறுக்கினா பின் சக்கரம் லேசாகி மழை வளைவில வழுக்கும், அது முன்பக்கம் லேசாகிறதைவிடப் பயங்கரம்.

போல்கொடைப்_படகு

எல்லோரும் கம்பியைப் பற்றியே பேசுறீங்க. பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. கொத்து, உங்கள் ட்ரெய்லரில் என்ன பிரேக்? எலெக்ட்ரிக்கா, தள்ளும்போது பிடிக்கிற ஓவர்ரன்னா?

கொட்டாஞ்சேனை_கொத்து

ஓவர்ரன். இங்கிலாந்தில் இருந்து வந்த ஒரு பழைய படகு ட்ரெய்லரின் கப்ளிங்கைக் கழற்றிப் போட்டது. முன்னுக்கு ரப்பர் உறை போட்ட தண்டு உள்ளே வெளியே போகும். கெப் பிரேக் பிடிச்சால் ட்ரெய்லர் முன்னுக்குத் தள்ளி, அந்தத் தண்டு உள்ளே போய், கேபிளை இழுக்கும்.

போல்கொடைப்_படகு

அப்படியென்றால் இந்தப் பேச்சே வேறு. நான் போல்கொடையிலும் கற்பிட்டியிலும் படகு இழுக்கிறவன், என்னுடையதும் அதே வகைக் கப்ளிங்.

ஓவர்ரன் பிரேக் வேலை செய்ய அந்தத் தண்டு தாராளமாக உள்ளே வெளியே போக வேண்டும். சின்னவன் சொல்ற ஹிட்ச், மூட்டையே விறைப்பாகப் பிடிக்கிற சாமான். கம்பி ஒரு பக்கம் போலில், மறு பக்கம் சட்டத்தில், நடுவில் உங்கள் தண்டு நெருக்குப்பட்டு நிற்கும். சுதந்திரமாக ஓடாது, பிரேக் சரியாகப் பிடிக்காது. ஓவர்ரன்னோடு சேர்த்துப் போடலாம் என்று செய்து விற்கிற மொடல்களும் உண்டு, ஆனால் ஹிட்ச்காரனும் கப்ளிங்காரனும் ரெண்டு பேரும் சரி என்று எழுதியிருக்க வேண்டும். கனடாவில் அந்தச் சைஸ் ட்ரெய்லர் எலெக்ட்ரிக் பிரேக்கோடு வரும், ஆகவே சின்னவனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொன்று. கப்ளிங் தலையில் ஒரு தகடோ முத்திரையோ இருக்கும், துடைத்துப் பாருங்கள். போலில் எவ்வளவு பாரம் குந்தலாம் என்று அதில் கிலோவில் இருக்கும்.

கொட்டாஞ்சேனை_கொத்து

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தோம். 150 கிலோ என்று இருக்கு.

பழைய_பிட்டர்

பிறகென்ன. 150க்குச் செய்த கப்ளிங்கில் 210 ஏற்றிக்கொண்டு, அந்த 210ஐச் சமாளிக்கக் கனடாவில் இருந்து கம்பி வரப் போகிறது. அந்த ஹிட்ச் எதனுடைய எல்லையையும் கூட்டித் தராது. கப்ளிங்கின் எல்லை, டோ பாரின் (கெப்பில் போலைத் தாங்குகிற சட்டம்) எல்லை, அச்சின் எல்லை எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

தண்ணித் தாங்கியை ஏன் மூக்கில் வைத்தீர்கள்?

கொட்டாஞ்சேனை_கொத்து

குழாய் வேலைக்கு வசதி என்று பொடி கட்டினவர் வைத்தார் ஐயா. அச்சுக்கு ஒன்றரை மீற்றர் முன்னுக்கு இருக்கு.

வெள்ளவத்தை_வேணி

200 கிலோ தண்ணி, அச்சுக்கு 1.5 மீற்றர் முன்னால், கப்ளிங் வரைக்கும் 3.6 மீற்றர். மூக்கில் அது மட்டும் 83 கிலோ. தாங்கியை அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் முன்னுக்குக் கொண்டுவந்து வைத்தால் மூக்கில் 11 கிலோதான். 210 இல் இருந்து 72 குறைந்து 138. மொத்தப் பாரத்தில் சரியாக 10 வீதம். முன் அச்சு இழப்பது 82க்குப் பதில் 54 கிலோ. காசு செலவில்லாமல் பிளம்பர் ஒருவரின் ஒரு நாள் வேலை.

தண்ணி இல்லாமல் ஓடினால் இன்னும் நல்லது, போற இடத்தில் நிரப்பலாம். பாதி நிரம்பின தாங்கியோடு மட்டும் ஓடாதீங்கோ. பிரேக்கிலும் வளைவிலும் தண்ணி அலம்பும், உள்ளே தடுப்பு இல்லாத தாங்கி என்றால் முழு ட்ரெய்லரையும் உலுப்பும்.

போல்கொடைப்_படகு

138கூடக் கூட. இங்கிலாந்தில் கரவனுக்கு 5 முதல் 7 வீதம் என்பார்கள். 1380க்கு 90 போதும். இன்னும் பின்னுக்குத் தள்ளலாம்.

ஸ்காபரோ_சின்னவன்

தள்ளுங்கோ, தள்ளினாப் பிறகு யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டில வாலாட்டும். 10க்குக் கீழ போகாதைங்கோ எண்டு இஞ்ச சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போல்கொடைப்_படகு

இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் கரவன் ஓடுது தம்பி, எல்லாம் வாலாட்டிக்கொண்டா ஓடுது?

பழைய_பிட்டர்

ரெண்டு பேரும் அவரவர் ஊர் ட்ரெய்லருக்குச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஐரோப்பாவில் ட்ரெய்லரோடு ஓடுகிற வேகம் குறைவு, கரவனை நடுவில் பாரம் வருகிற மாதிரிக் கட்டுவார்கள், அங்கே போலின் எல்லையும் சிறியது. அமெரிக்கா, கனடாவில் நீளமான பாரப் பெட்டி, வேகமான பெருந்தெரு, ஆகவே மூக்கில் கூட வைப்பார்கள்.

இந்தத் தம்பியின் பெட்டி எப்படி? பின் கதவுப் பக்கம் கொத்துத் தகடு. வேணி, அந்தத் தகடு என்ன வரும்? 58 கிலோ இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஜெனரேட்டர். ரெண்டு நுனியிலும் பாரம். இப்படி நுனிகளில் பாரம் இருக்கிற ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் லேசில் நிற்காது, மூக்குப் பாரம் சரியாக இருந்தாலும்கூட. ஆகவே நான் 90க்குப் போகச் சொல்ல மாட்டேன். 135, 140க்குள் வைத்துக்கொள், கப்ளிங்கின் 150க்கும் உள்ளே நிற்கும். ஜெனரேட்டரையும் அச்சுப் பக்கம் இழுக்க முடிந்தால் இழு, மூக்குப் பாரத்தை மறுபடி நிறுத்துப் பார்.

இப்போது எனக்கு மற்றக் கேள்வி. போல் கெப்பில் எதில் மாட்டியிருக்கிறது?

கொட்டாஞ்சேனை_கொத்து

கெப் வாங்கும்போதே இருந்தது. பின் பம்பரில் தகடு வைத்து வெல்ட் பண்ணி, அதில் போல்.

பழைய_பிட்டர்

நினைச்சேன்.

பம்பர் முட்டினால் நசுங்குவதற்குச் செய்தது, 1400 கிலோ இழுப்பதற்கு இல்லை. செசியின் ரெண்டு நீளச் சட்டத்தையும் பிடித்து, போல்ட் போட்டு மாட்டுகிற டோ பார் வேண்டும். நல்ல டோ பாரில் தகடு இருக்கும்: எவ்வளவு இழுக்கலாம், போலில் எவ்வளவு குந்தலாம். தகடு இல்லாததை நம்பி நுவரெலியாவுக்கு ரம்பொடை மலைப்பாதையில் ஏறாதே.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மாட்டுகிறவர்கள் இதைக் கூர்ந்து கேளுங்கள். சாதாரணப் போலில் பாரம் கீழே அமுக்கும், பின்னுக்கு இழுக்கும். அந்தக் கம்பி மாட்டினால் டோ பாரை முறுக்கும், அதுவும் வழமைக்கு எதிர்ப் பக்கம். வேணியின் 41 கிலோவை முன்னுக்குத் திருப்ப எவ்வளவு முறுக்கு வேண்டும்?

வெள்ளவத்தை_வேணி

கிட்டத்தட்ட 95 ஐயா, கிலோவை மீற்றரால் பெருக்கின முறுக்கு அளவு, தூரம் இல்லை. ஒரு மீற்றர் பைப்பைக் குறட்டில் பிடித்து நுனியில் 95 கிலோ ஆள் தொங்குகிற முறுக்கு. அதுவும் நின்றிருக்கும்போது. கெப் மேட்டில் ஏறி ட்ரெய்லர் பள்ளத்தில் நிற்கிற நேரம் கம்பி இன்னும் வளையும், முறுக்கும் கூடும். நேரே சொன்னால், பம்பர் வெல்டிங்கில் இதைப் போடுவது கெப்பின் பின்பக்கத்தைக் கழற்றுகிற வேலை.

ஸ்காபரோ_சின்னவன்

இதில நான் ஐயாவோட நிக்கிறன். இஞ்சயும் ரிசீவரின்ர (டோ பாரைத்தான் இஞ்ச அப்பிடிச் சொல்லுறது) ஸ்டிக்கரில ரெண்டு எண் இருக்கும், ஒண்டு கம்பியோட, மற்றது கம்பியில்லாமல். ஒரு எண் மட்டும் இருந்தா கம்பி போட முன்னம் விசாரிக்கோணும்.

பஞ்சிகாவத்தை_ஃபாஸில்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நம்மட கடை பஞ்சிகாவத்தையில, இந்தச் சாமான் கேட்டு வாற ஆக்களுக்கு நான் தினமும் சொல்ற விஷயம் ஒண்டு இங்க யாரும் சொல்லல்ல.

போலின்ட சைஸ். இங்கிலாந்துக் கப்ளிங் 50 மில்லிமீற்றர். கனடாவில இருந்து வாறது 2 அங்குலம், அது 50.8. இல்லாட்டி 2 அங்குலமும் 5/16உம், அது 58.7. 50க்கும் 50.8க்கும் என்ன பெரிய வித்தியாசம் எண்டு கேப்பாங்க. இங்கிலாந்துக் கப்ளிங்கை 50.8 போலில வச்சா சரியாப் பூட்டாது, பூட்டின மாதிரி இருக்கும், பிடி உள்ளுக்கு இறங்கியிருக்காது. மறுபக்கம், 2 அங்குலக் கப்ளிங்கை 50 போலில வச்சா ஆடும், ஒரு நாள் மேட்டில துள்ளி வெளிய வரும். போலுக்கு மேல சைஸ் அடிச்சிருக்கும். அழிஞ்சிருந்தா வேர்னியர் போட்டுப் பாருங்க, நாலு பக்கமும் பாருங்க, தேஞ்ச போல் ஒரு பக்கம் சின்னனா இருக்கும்.

2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டு 2025 பெப்ரவரியில திறக்கும் வரைக்கும் எல்லாரும் இருக்கிற வாகனத்தையே வெட்டி ஒட்டி ஓட்டினாங்க. அந்தக் காலத்துல எத்தனையோ டோ பார் கைமாறி வந்திருக்கி. பழசு வாங்குறதெண்டா பெயின்டுக்குக் கீழ வெடிப்பு இருக்கா எண்டு கம்பி பிரஷ் போட்டுத் தேச்சுப் பாருங்க. புதுசாப் பெயின்ட் அடிச்ச பழைய டோ பார் கொண்டு வந்தா நானே வாங்க மாட்டன்.

கொட்டாஞ்சேனை_கொத்து

ஃபாஸில் நானா, உங்க கடையில் செசியில் மாட்டுற டோ பார் ஹைலக்ஸுக்கு இருக்கா? இன்னொரு கேள்வி எல்லோருக்கும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் வேண்டாம் என்றாலும், வாலாட்டுறதுக்கு ஏதாவது போடலாமா? ஏ9 தான் எனக்குப் பயம்.

வவுனியா_வான்

பயப்படத்தான் வேணும். ஆனையிறவில் பக்கக் காத்து, உங்கட மாதிரி அடைச்ச பெட்டிக்கு நல்லா வேலை காட்டும். அதைவிட மோசம் சொகுசு பஸ். பின்னால வந்து முந்தும்போது முதல் உங்கட பின்பக்கத்தைத் தள்ளும், முன்னுக்குப் போகப்போக மூக்கைத் தன்ர பக்கம் இழுக்கும். பஸ் கண்ணாடியில தெரியும்போதே அக்சிலேட்டரை விட்டுட்டு இடது பக்கம் ஒதுங்கி நேராப் பிடிங்க. 80க்கு மேல போகாதீங்க. வேகம் கூடக்கூட ஆட்டம் தானா நிக்கிறது குறையும், ஒரு வேகத்துக்கு மேல நிக்கவே நிக்காது.

போல்கொடைப்_படகு

உங்கள் கப்ளிங்குக்கு ஏற்றது உராய்வு ஸ்டெபிலைசர். அல்கோ மாதிரிக் கம்பனிகள் செய்வது 50 மில்லிமீற்றர் போலுக்கே. கப்ளிங்குக்குள் ரெண்டு உராய்வுக் கட்டை, பிடியை அமுக்கினால் போலை நெருக்கிப் பிடிக்கும். ஆட்டத்தை மந்தமாக்கும், பாரத்தை எங்கேயும் நகர்த்தாது. அதற்குக் கழுத்து நீண்ட போல் வேண்டும். போலில் பெயின்ட் கூடாது, கிரீஸ் கூடாது. நம்மவர்கள் போலைக் கண்டால் கிரீஸ் பூசாமல் விட மாட்டார்கள், அதைச் சொல்லிவையுங்கள்.

பழைய_பிட்டர்

அதுவும் நல்லது, பாரம் சரியான பிறகு. வால் பாரமான ட்ரெய்லருக்கு உராய்வுக் கட்டை போடுவது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுகிற மாதிரி.

ஆடத் தொடங்கினால் என்ன செய்வது என்பதையும் டிரைவர் யாரோ அவருக்குச் சொல்லிவை. கெப் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை ஆட்டத்துக்கு எதிராக வெட்டக் கூடாது, நேராகப் பிடிக்க வேண்டும். காலை எடுத்தால் போதும், வேகம் இறங்க ஆட்டம் அடங்கும். சின்னவனுக்கு எலெக்ட்ரிக் பிரேக், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்து நிமிர்த்தலாம். உனக்கு அந்த வசதி இல்லை.

நுவரெலியாவில் இறங்கும்போதுதான் ஓவர்ரன்னின் குணம் தெரியும். நீ சின்ன கியரில் எஞ்சினைப் பிடித்து இறங்குவாய், அது சரி. ஆனால் ட்ரெய்லர் இறக்கம் முழுக்கக் கெப்பைத் தள்ளிக்கொண்டே வரும், தண்டு உள்ளேயே நிற்கும், ட்ரெய்லர் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ரம்பொடையில் இருந்து கம்பளை வரும்வரை நிறுத்தாமல் இறங்கினால் ட்ரம் கொதிக்கும், கொதித்த பிரேக் பிடிக்காது. இடையில் நிறுத்து. தேத்தண்ணி குடி. சக்கரத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பார், தொடாதே. மணம் வந்தால் மணம் போகும்வரை இருந்துவிட்டுப் போ.

கேஸ் சிலிண்டர் வால்வு ஓடும்போது பூட்டியிருக்க வேண்டும், சிலிண்டர் நிமிர்ந்து கட்டியிருக்க வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், சொல்லிவிட்டேன்.

வெள்ளவத்தை_வேணி

ட்ரெய்லரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தாச்சா தம்பி? இன்சூரன்ஸ்காரரிடமும் ட்ரெய்லர் இழுக்கிற விஷயத்தை எழுத்தில் சொல்லுங்கோ. உங்கட லைசன்ஸ் வகுப்பில் இந்தப் பாரம் அடங்குதா என்று நாரஹேன்பிட்டியிலேயே கேட்டுவிடுங்கோ.

கொட்டாஞ்சேனை_கொத்து

பதிவு நடக்குது அக்கா, லைசன்ஸ் விஷயமும் அங்கேயே கேட்கிறேன்.

வேலை நிலவரம்: தாங்கியை இடம் மாத்தியாச்சு, ஜெனரேட்டரும் அச்சுப் பக்கம் வந்தாச்சு. நான்காம் குறுக்குத் தெருத் தராசில் மறுபடி ஏத்தினோம், மூக்கில் 141. முன் சக்கர வளைவு கொளுவாமல் 905 மில்லிமீற்றர். முந்தி கொளுவினால் 934 வரை எழும்பினது, இப்ப 924. லைட்டைக் கீழே இறக்குற சுவிட்ச் கெப்பில் இருக்கு, அதோட சரியாகுது. பின் டயருக்குக் கதவில் எழுதியிருக்கிற முழுப் பாரக் காத்து அடிச்சோம். பம்பர் போலை வெட்டி எடுத்தாச்சு, ஃபாஸில் நானாவிடம் செசி டோ பார் சொல்லியிருக்கு.

சின்னவன் அண்ணா, கோபிக்காதீங்க, கம்பி இப்போதைக்கு வேண்டாம். பிறகு ரெட்டை அச்சுப் பெரிய ட்ரெய்லர் எலெக்ட்ரிக் பிரேக்கோட கட்டினால் உங்களிடம்தான் வருவேன்.

ஸ்காபரோ_சின்னவன்

கோபம் ஒண்டுமில்லை. 141 எண்டா நானும் போடச் சொல்லமாட்டன். ஆனா மச்சான் பெட்டி அனுப்ப ரெடியா நிக்கிறார், அந்தக் கிட் நாற்பது கிலோ வரும், அந்த இடத்துக்கு வேற என்ன போடச் சொல்லுவம்?

பழைய_பிட்டர்

நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று. டோ பார் போல்ட்டைக் கம்பனி சொன்ன அளவுக்கு இறுக்கவும், முதல் ஓட்டம் போய்வந்த பிறகு மறுபடி பார்க்கவும். சேஃப்டி செயின் ரெண்டு, கப்ளிங்குக்குக் கீழே குறுக்காகக் கொளுவ.

பஞ்சிகாவத்தை_ஃபாஸில்

ஐயா, அதெல்லாம் நம்மட கடையிலயே இருக்கி. பெட்டிக்கு சொக்லட் போடச் சொல்லுங்க.